வீரைக்கேணியில் எவரும் வசித்ததில்லை

அத்தியாயம் ஒன்பது

மாமனார் அரசாங்கக் கந்தோருக்குப் போகிற நாட்களில் அந்த வீட்டில் யாரும் சத்தமாகக் கதைப்பதில்லை. அந்த வியாழக்கிழமையும் அப்படித்தான் விடிந்தது.

நுஸ்ரியா வடக்கு யன்னலோரம் மேசையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். சிலாவத்துறையில் அந்த வீட்டில் இணையம் அறுந்து அறுந்து வராமல் ஒழுங்காக வருகிற ஒரே மூலை அது. கல்யாணமாகி வந்த புதிதில், "விடியமுதலே பெட்டியைத் திறந்துகொண்டு குந்திடும்" என்று முணுமுணுத்த மாமி றஹீமாதான், பிறகு வெயில் கண்ணில் அடிக்குமென்று அந்த யன்னலுக்குத் திரை தைத்துப் போட்டார். கொழும்பு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிற பெண், புருஷனோடு இருக்கவேண்டுமென்று வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கிக்கொண்டு வந்தவள் என்பதில் மாமிக்கு உள்ளூரப் பெருமை.

நிறுவனத்து வேலை முடிந்த பிறகு நுஸ்ரியா செய்கிற இன்னொரு வேலையைப் பற்றி அதைவிடப் பெருமை. இணையத்தில் தமிழ்க் கலைக்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம், யாருக்கும் சம்பளம் இல்லை. பல்கலைக்கழகக் காலத்திலிருந்தே அவள் அதில் எழுதுகிறாள். அயல் வீட்டாருக்கு மாமி அதை ஒரே வசனத்தில் விளங்கப்படுத்தி வைத்திருந்தார்: "எங்கட மருமகள் ஊர்களைப் பற்றி எழுதுறவ."

பத்தரை மணிபோல மாமனாரின் மோட்டார் சைக்கிள் முற்றத்தில் வந்து நின்றது. எஞ்சினை அணைத்த பிறகும் அவர் இறங்கவில்லை. மாமி தண்ணீர்ச் செம்போடு வெளியே போய், அப்படியே நின்றுவிட்டார்.

மாமனார் அப்துல் றசாக் கந்தோருக்குப் போனது வீரைக்கேணிக்காக. அவர் பிறந்த ஊர் அது. தொண்ணூறில் முஸ்லிம்களைப் புலிகள் இயக்கம் வெளியேறச் சொன்னபோது, உடுத்த உடுப்போடு கடலேறிக் கற்பிட்டிக்குப் போனவர்களில் அவர் குடும்பமும் ஒன்று. போர் முடிந்து திரும்பி வந்தபோது ஊர் இருந்த இடத்தில் காடு நின்றது. சிலாவத்துறையில் உறவுக்காரர் ஒருவரின் வீட்டில் குடியிருந்துகொண்டு, இத்தனை வருடமாக அந்தக் காட்டை வெட்டித் திரும்பக் குடியேற அனுமதி கேட்டு நடக்கிறார். போன கிழமைதான் பிரதேச செயலகத்தில் கூட்டம் வைக்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டில் எல்லோரும் இந்தக் கூட்டத்தோடு முடிந்துவிடும் என்று நம்பியிருந்தார்கள்.

"என்னவாம்?" என்றார் மாமி.

"ஊரே இல்லையாம்."

"ஆரு சொன்னது?"

"கொழும்பில இருந்து ஒரு கூட்டம் வந்திருக்கு. காட்டைக் காப்பாத்துற ஆக்களாம். கோட்டும் சூட்டும். ஒரு கட்டுக் கடதாசியைத் தூக்கி மேசையில வச்சாங்கள்." அவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளொன்றை எடுத்தார். "எனக்கும் ஒண்டு தந்தாங்கள். மகள்! நுஸ்ரியா! இஞ்ச வாம்மா."

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். மாமனார் தாளை விரித்து அவளிடம் நீட்டினார். சிவப்பு மையால் ஒரு வசனத்துக்குக் கோடு போட்டிருந்தது.

*வீரைக்கேணி மன்னார் மாவட்டத்தின் முசலிப் பகுதியில் அமைந்த இடமாகும். இங்கு மக்கள் எவரும் வசித்ததில்லை.*

நுஸ்ரியாவுக்கு முதலில் எழுத்துக்கள்தான் தெரிந்தன. பிறகு அந்த 'எவரும்' தெரிந்தது. 'யாரும்' என்று போடுவதா 'எவரும்' என்று போடுவதா என்று ஒருகாலத்தில் யோசித்து, எவரும் என்பதுதான் கலைக்களஞ்சிய நடைக்குப் பொருந்தும் என்று முடிவெடுத்தவள் அவள்தான்.

"இண்டநெட்டில இருக்கிற பெரிய புத்தகமாம். உலகமே பாக்கிறதாம்" என்றார் அப்துல் றசாக். "நான் பிறந்த இடத்தில ஆரும் இருந்ததில்லையெண்டு ஒருத்தன் எழுதியிருக்கிறான். எனக்கு முன்னால வாசிச்சுக் காட்டுறாங்கள். நான் உயிரோட அங்க நிக்கிறன், மகள்!"

அவர் குரல் உடைந்தது. அந்த மனிதர் கண் கலங்கி நுஸ்ரியா கண்டதில்லை.

"கொம்பியூட்டர் படிச்சவள் நீதானே. இதை எழுதினவன் ஆரெண்டு எனக்குக் கண்டுபிடிச்சுத் தா. மற்றதை நான் பாத்துக்கொள்ளுறன்."

"பாக்கிறன் மாமா" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். வேறு என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

கதவைச் சாத்தினாள். மடிக்கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். கட்டுரையைத் தொடங்கியவர் என்ற இடத்தில் 'எருக்கலை' என்ற பெயர் இருந்தது. தன் பெற்றோரின் ஊரான எருக்கலம்பிட்டியை நினைத்து அவள் தனக்கு வைத்துக்கொண்ட புனைபெயர்.

வீரைக்கேணிக்கென்று அவள் அந்த வசனத்தைத் தன் கையால் எழுதவுமில்லை. அதுதான் இன்னும் மோசம் என்று பட்டது.

கொழும்பில் விடுதியில் இருந்த காலத்தில், மன்னார் மாவட்டத்து ஊர்களில் பாதிக்குமேல் கலைக்களஞ்சியத்தில் கட்டுரையே இல்லையென்று கண்டு அவளுக்கு மனம் பொறுக்கவில்லை. புத்தளத்து அகதி முகாமில் பிறந்து, "உன் ஊர் எது?" என்ற கேள்விக்குத் தான் பார்த்தேயிராத ஊரைச் சொல்லி வளர்ந்தவள் அவள். ஒவ்வொரு ஊராக எழுதினால் ஆயுள் போதாது. ஆகவே தானாகவே எழுதுகிற ஒரு கணினி நிரலை எழுதினாள். அரசாங்கப் புள்ளிவிவர அட்டவணையிலிருந்து ஊர்ப் பெயரையும் சனத்தொகையையும் அது எடுக்கும், தயாராக இருக்கும் வசனங்களில் பொருத்தும், கட்டுரையாக ஏற்றிவிடும். நோன்புப் பெருநாள் விடுமுறைக்குள் நானூறுக்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் பக்கம் வந்தது. எங்கெங்கோ இருந்தெல்லாம் வாழ்த்து வந்தது.

சில ஊர்களுக்குச் சனத்தொகை பூச்சியம் என்றிருந்தது. குளப்படுகை, காட்டுத்துண்டு என்பவற்றுக்கும் அட்டவணையில் பெயர் இருந்ததால், பூச்சியமென்றால் ஆளில்லாத இடம் என்று எடுத்துக்கொண்டு அதற்கும் ஒரு வசனம் வைத்தாள். அந்தக் கணக்கு எடுத்த வருடத்தில் அந்த ஊர்க்காரர்கள் எங்கே இருந்தார்கள் என்று அவள் கேட்கவில்லை. அவர்கள் அவளுடைய முகாமில், அவளுடைய வரிசையில், அதே தண்ணீர்க் குழாயடியில் நின்றிருந்தார்கள்.

அவள் அந்த வசனத்தை அழித்தாள். வீரைக்கேணியில் தொண்ணூறுக்கு முன் முஸ்லிம் குடும்பங்கள் வாழ்ந்தன, பள்ளிவாசல் இருந்தது, பாடசாலை இருந்தது, வயல் இருந்தது என்று மாமனார் சொல்லிக் கேட்டதையெல்லாம் ஒரு பந்தியாக எழுதிச் சேர்த்தாள்.

மாமி கொண்டுவந்து வைத்த பிளேன்ரீ ஆறுவதற்குள் அந்தப் பந்தி காணாமல் போயிருந்தது. பழைய வசனம் திரும்பவும் வந்து நின்றது. பக்கத்தில் ஒரு குறிப்பு: *ஆதாரம் தரப்படவில்லை. முன்னைய நிலைக்கு மீட்கப்பட்டது — சுபத்திரா.*

சுபத்திரா உயிலங்குளத்துக்காரி. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். மன்னார் நகரத்தில் நடந்த பயிற்சிப் பட்டறையொன்றில் இரண்டு பேரும் நேரில் சந்தித்து, ஒரே பார்சல் சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டவர்கள். கலைக்களஞ்சியத்தில் குப்பை சேராமல் காவல் இருப்பவர்களில் அவள் முக்கியமானவள்.

நுஸ்ரியா தொலைபேசியை எடுத்தாள்.

"சுபத்திரா, அந்த வீரைக்கேணிப் பக்கம்..."

"நானே எடுக்க இருந்தனான். என்னப்பா இது, புது ஆக்கள் மாதிரி? ஒரு பந்தி முழுக்க, ஒரு ஆதாரமும் இல்லாமல்."

"அந்தப் பழைய வசனம் பிழை."

"எப்பிடித் தெரியும்?"

"என்ர மாமா அங்க பிறந்தவர்."

மறுமுனையில் வகுப்பறை இரைச்சல் கேட்டது. சுபத்திரா எங்கோ வெளியே நடந்து போகிறாள் போலிருந்தது. இரைச்சல் குறைந்தது.

"அப்ப நீங்கள் அதில கையே வைக்கக்கூடாது, நுஸ்ரியா. சொந்த ஆக்களின்ர விஷயம்."

"அப்ப நீங்கள் மாத்துங்கோ."

"எதை வைச்சு மாத்த? ஒரு புத்தகம், ஒரு பழைய பேப்பர், ஏதாவது இருக்கா?"

"உடுத்த உடுப்போட ஓடின சனம். எதைக் கொண்டு வந்திருக்கப் போகுதுகள்?"

சுபத்திராவின் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நுஸ்ரியாவுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"என்ர அம்மாவின்ர ஊர் புளியந்திடல். உங்களுக்கு ஞாபகம் இருக்கோ தெரியாது. உங்கட நிரல் அதுக்கும் இதே வசனத்தைத்தான் எழுதினது. நான் அதைத் திருத்தி, அங்க ஷெல் விழுந்ததையும் சனம் இடம்பெயர்ந்ததையும் எழுதினனான். நீங்கள் ஆதாரம் இல்லையெண்டு அவ்வளவத்தையும் எடுத்துப்போட்டீங்கள். அந்த 'வசித்ததில்லை'யை மட்டும் திரும்பப் போடாமல் விட்டீங்கள்."

நுஸ்ரியாவுக்கு ஞாபகம் இருந்தது. அவசர வேலை ஒன்றுக்கு நடுவில் செய்தது.

"அண்டைக்கே உங்களுக்கு வசனம் பிழையெண்டு தெரிஞ்சிருக்கு. மற்ற ஊர்களைப் பாத்தனீங்களா?"

"இல்ல."

"ம்" என்றாள் சுபத்திரா. "நான் பழிக்குச் சொல்லேல்ல. அண்டைக்கு நீங்கள் செய்தது சட்டப்படி சரி. இண்டைக்கு நான் செய்ததும் சரி. அந்த ஒரு வசனத்தை எடுக்கலாம், அதுக்கும்தானே ஆதாரம் இல்லை. ஆனா ஏன் எடுக்கிறம் எண்டு காரணம் எழுதவேணும். நிரல் செய்த பிழை எண்டு நீங்கள் உங்கட பேரில எழுதவேணும். எழுதினா அந்த நானூறையும் ஆக்கள் கிண்டுவினம். முழுக்கத் தூக்கச் சொல்லியும் கேப்பினம். அதில பின்னேரம் பின்னேரமா எத்தனை பேர் குந்தியிருந்து படம் போட்டு, திருத்தி... யோசிச்சுச் செய்யுங்கோ."

"பின்னேரம் வரைக்கும் நேரம் தாங்கோ."

"சரி. அதுவரைக்கும் பக்கம் இப்பிடியே கிடக்கட்டும்."

இறங்குதுறைக்குப் போகிற வழியில் அவள் கணவன் ஜுனைட்டின் பட்டறை. வள்ளங்களுக்குப் பூட்டுகிற எஞ்சின்களைத் திருத்துகிறவன் அவன். நுஸ்ரியா போனபோது ஓர் எஞ்சினைக் கழற்றிச் சாக்கில் பரப்பி வைத்திருந்தான். வேலையாள் இருவர் சோற்றுக்குப் போயிருந்தார்கள்.

அவள் தாளைக் காட்டினாள். அவன் வாசிக்கவில்லை. ஒருமுறை பார்த்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்தான்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் நுஸ்ரியா.

"போன கிழமையே பேஸ்புக்கில சுத்தினது. பக்கத்தைத் திறந்து பாத்தன். உன்ர எருக்கலைப் பேர் இருந்திச்சு."

"ஒரு கிழமையாத் தெரிஞ்சுகொண்டு என்னோட ஒண்டா இருந்து சாப்பிட்டிருக்கிறீங்கள்."

"சொன்னா நீ நேர வாப்பாட்டப் போய் நிப்பாய். எனக்கு உன்னைத் தெரியாதா?" அவன் குரலைத் தாழ்த்தினான். "இஞ்ச பார் நுஸ்ரி. எருக்கலைதான் நீயெண்டு இந்த ஊரில ஆருக்கும் தெரியாது. அழிச்சுப்போடு. பேசாம இரு."

"அழிக்க ஏலாது. ஆர், எப்ப, என்ன எழுதினதெண்டு எல்லாம் அதில பதிஞ்சு கிடக்கும்."

"ஆரு தேடப் போறாங்கள்?"

"மாமா தேடச் சொல்லியிருக்கிறார். என்னைத்தான்."

ஜுனைட் துணியைச் சாக்கின் மேல் எறிந்தான்.

"சொன்னா வாப்பாவுக்கு ஊர் கிடைக்குமா?" என்றான். "இருக்கிற மருமகளும் இல்லாமப் போவாள். அதுதான் நடக்கும்."

அவன் சொன்னது அவள்மீது உள்ள அன்பினால்தான் என்று அவளுக்கு விளங்கியது. ஆனாலும் அந்த ஒரு கிழமையின் ஏழு நாளும் அவளுக்குச் செரிக்கவில்லை. சிரித்துக்கொண்டு சோற்றுக்கு விட்ட மீன் ஆணத்தில் தலையை அவளுக்கு எடுத்து வைத்தானே, அப்போதும் தெரியுமா? ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு நடந்தாள்.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து மாமனாரோடு மூன்று பேர் வந்தார்கள். எல்லோரும் வீரைக்கேணிக்காரர். மண்டபத்தில் கதிரைகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். நுஸ்ரியா உள்வாசலில் திரைக்குப் பின்னால் பிளேன்ரீத் தட்டோடு நின்றாள்.

"புதன்கிழமை கந்தோர் ஆக்கள் இடத்தைப் பாக்க வருவாங்கள்" என்றார் அப்துல் றசாக். "அதுக்குள்ள இதுக்கு ஒரு முடிவு காணவேணும். என்ர மருமகள் தேடிக்கொண்டிருக்கிறா."

"தேடத் தேவையில்ல, நானா" என்றார் சாஹுல் ஹமீட். அவர் அப்துல் றசாக்கின் சித்தப்பா மகன், அவரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுபவர். பஸ் தரிப்பிடத்தில் கடை வைத்திருப்பவர். ஊரில் முதலில் பெரிய போன் வாங்கியவர். "நான் பிடிச்சிட்டன். இந்தா, பக்கத்தின்ர அடியிலயே போட்டிருக்கு. கடைசியாத் திருத்தினது சுபத்திராவாம். அதுவும் எப்ப? இண்டைக்கு! கூட்டம் முடிஞ்ச கையோட!"

"சுபத்திராவா? தமிழ்ப் பொம்புளையா?" என்றார் கூட வந்தவர்களில் ஒருவர்.

"வேற ஆரு? அமுக்கிப் பாத்தன். உயிலங்குளத்தில டீச்சராம். படமும் கிடக்கு. நாங்கள் திரும்பி வாறது ஆருக்குப் பிடிக்கேல்ல எண்டு இப்ப விளங்குதா? காட்டுக்காரன் இல்ல, இந்த ஆக்கள்தான் பின்னால." அவர் விரல் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. "படத்தோட போடுறன். 'வீரைக்கேணியை அழிக்கப் பாக்கிறவள் இவள்தான்' எண்டு. ராவைக்குள்ள ஊரெல்லாம் தெரியட்டும். அவளிட பள்ளிக்கூட வாசலுக்கும் நாலு பேரை அனுப்புவம்."

"போடு" என்றார் மற்றவர்.

நுஸ்ரியா தட்டைக் கீழே வைத்தாளா, யாரிடமாவது கொடுத்தாளா என்று பிறகு அவளுக்கு ஞாபகம் வரவில்லை. திரையை விலக்கிக்கொண்டு ஆண்கள் நடுவில் போய் நின்றிருந்தாள்.

"சாச்சா, அதைப் போடாதீங்கோ. அவ எழுதேல்ல. நான்தான் எழுதினனான்."

யாரோ சிரித்தார்கள். பெண்பிள்ளை பகிடி விடுகிறது என்று நினைத்திருக்க வேண்டும்.

"என்ன மகள் சொல்லுறாய்?" என்றார் அப்துல் றசாக்.

அவள் சொன்னாள். நிரல், அட்டவணை, பூச்சியம் என்று அவளுக்குத் தெரிந்த வார்த்தைகளெல்லாம் அந்த மண்டபத்தில் பொருளில்லாமல் போய் விழுந்தன. மாமனார் இரண்டு கேள்விதான் கேட்டார்.

"எழுதேக்க எங்கட ஊரின்ர பேர் உனக்குத் தெரியுமா?"

"அட்டவணையில இருந்தது, மாமா."

"முகாமில எங்கட ஆக்கள் இருந்தாங்களே. ஒருத்தரிட்டயாவது கேட்டியா?"

"கேக்கேல்ல."

சாஹுல் ஹமீட் எழுந்தார். போனைச் சட்டைப் பையில் போட்டார். "நாங்கள் வெளியில தேடினம்" என்று மட்டும் சொன்னார். மற்ற இருவரும் அவர் பின்னாலேயே செருப்பைத் தேடினார்கள். ஒருவரும் ஸலாம் சொல்லிக்கொண்டு போகவில்லை.

அப்துல் றசாக் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்து நின்றாள். அவர் முகத்தைக் கையால் தேய்த்துவிட்டு, கணக்குப் போடுகிறவரைப் போல மெதுவாகக் கதைத்தார். "புதன்கிழமை நீ வந்து பிழையெண்டு சொன்னாலும், மாமனுக்காகச் சொல்லுறாள் எண்டுதான் சொல்லுவாங்கள். உன்ர சொல்லும் போச்சு." சற்று நேரம் கழித்து, "மையவாடியைக் காட்டுவம். அடக்கின இடம் பொய் சொல்லாது. தலைமாட்டில நட்ட மீசான் கட்டையள் கிடக்கும். பத்துப் பேர் கத்தியோட போய்ப் பத்தையை வெட்டினா—"

"காட்ட மாட்டன்."

மாமி குசினி வாசலில் நின்றார். அவ்வளவு நேரமும் அவர் அங்கேதான் நின்றிருக்கிறார் என்பது அப்போதுதான் நுஸ்ரியாவுக்குத் தெரிந்தது.

"என்ர பிள்ளை கிடக்கிற இடத்தில கத்தி வைக்க விடமாட்டன். கோட்டுப் போட்ட ஆக்களுக்கு எண்ணிக் காட்டுறதுக்கு அவளைப் பெறேல்ல நான்."

"றஹீமா..."

"ஏலாது எண்டா ஏலாது."

அப்துல் றசாக் தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்கு நடந்தார். மஃரிப் தொழுகைக்குப் பொழுதுபட இன்னும் நேரம் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஜுனைட் ஓடிவந்தான். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அறைக்குள் வந்து, "நான் உனக்கு என்ன சொன்னன்?" என்று தொடங்கியவனை அவள் இடைமறித்தாள்.

"உங்களுக்கு ஒரு ராத்தா இருந்தவவா?"

அக்காவைப் பற்றிக் கேட்டதும் அவன் கட்டிலில் உட்கார்ந்தான்.

"நான் பிறக்கமுதலே மௌத்தாப் போயிட்டா. காய்ச்சல். ரெண்டு வயசு. வீட்டில ஆரும் கதைக்கிறேல்ல. நானும் கேக்கிறேல்ல."

"நான் ஆரும் இருந்ததில்லையெண்டு எழுதிவச்சிருக்கிறன். உங்களுக்குத் தெரியும். அதுக்குப் பிறகும் பேசாம இருக்கச் சொன்னீங்கள்."

அவன் எழுந்து வெளியே போனான். அவளும் கூப்பிடவில்லை.

நுஸ்ரியா மடிக்கணினியைத் திறந்தாள். எல்லோரும் பார்க்கக்கூடிய உரையாடல் பக்கத்தில், எருக்கலை என்ற பெயருக்குக் கீழே தன் சொந்தப் பெயரையும் ஊரையும் போட்டு எழுதினாள். இந்த வசனத்தை ஏற்றியது தன் நிரல். பூச்சியத்தை 'எவரும் வசித்ததில்லை' என்று பொருள்கொண்டது தன் பிழை. ஒருமுறை சுட்டிக்காட்டப்பட்ட பிறகும் மற்ற ஊர்களைச் சரிபார்க்காதது அதைவிடப் பெரிய பிழை. வீரைக்கேணி தன் கணவர் குடும்பத்தின் ஊர். ஆகவே அந்தப் பக்கத்தில் தான் இனி எதையும் எழுதப்போவதில்லை. இந்த வசனம் உள்ள எல்லாக் கட்டுரைகளிலிருந்தும் அதை நீக்குமாறு கேட்டுக்கொண்டாள்.

சுபத்திராவிடமிருந்து செய்தி வந்தது. "பாத்தன். வசனத்தை எடுத்திட்டன். அந்த நானூறு பக்கத்தையும் நிறுத்திவைக்கச் சொல்லி மூண்டு பேர் இப்பவே எழுதிட்டினம். நான் உங்களுக்காகக் கதைப்பன். ஆனா நடக்கும் எண்டு சொல்ல மாட்டன்." சற்றுக் கழித்து இன்னொன்று: "என்ர படத்தைப் போட இருந்தவையாம் எண்டு சிலாவத்துறையில இருந்து ஒருத்தர் சொன்னவர். பிறகு கதைப்பம்."

நுஸ்ரியா அந்த வசனத்தைத் தேடலில் இட்டுப் பார்த்தாள். ஊர் ஊராக வந்து விழுந்தது. முசலியில் மட்டுமில்லை. நானாட்டான் பக்கம், பெருநிலத்தில், கரையோரத்தில். முஸ்லிம் ஊர், தமிழ் ஊர் என்று அவளுடைய நிரல் பேதம் பார்த்திருக்கவில்லை. ஒவ்வொன்றிலும் ஏதோவொரு முகாமின் குழாயடியில் நின்ற யாரோ இருந்திருப்பார்கள். அதற்குமேல் கீழே தள்ள அவளுக்குத் துணிவு வரவில்லை.

மஃரிப் பாங்கு கேட்டது. தொழுகை முடித்து எழுந்தபோது மாமி அறை வாசலில் நின்றார்.

"அதை எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு, மாமி."

"இப்ப அதில என்ன இருக்கு?"

"ஊரின்ர பேர் இருக்கு. எந்தப் பக்கம் எண்டு இருக்கு. வேற ஒண்டும் இல்ல."

மாமி உள்ளே வந்து மேசையருகே நின்றார். வெளிச்சமான திரையைப் பார்த்தார். அவருக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். ஆனால் வாசிக்க முயலவில்லை.

"என்ர பிள்ளை பர்வீன்ர பேரை அதில போடேலுமா?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அது ஒன்றும் பெரிய பொய்யில்லை. மாமி தேடிப் பார்க்கப் போவதுமில்லை.

"ஏலாது, மாமி."

மாமி தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்து, கிட்ட நின்று, காதோடு கதைத்தார்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. ஆம்பிளையள் எல்லாம் ஜும்ஆவுக்குப் போயிடுவாங்கள். உனக்கு மோட்டச் சைக்கிள் ஓடத் தெரியும்தானே? என்னை வீரைக்கேணிக்குக் கூட்டிக்கொண்டு போ."

"குளக்கட்டுக்கு அங்கால இன்னும் மிதிவெடி எடுத்து முடிக்கேல்ல, மாமி. சிவப்புப் பலகை நிக்குதாம்."

"தெரியும். உன்ர மாமாவோட ஒருக்காப் போனனான். பலகைக்கு இங்கால நிண்டு ஸலாம் சொல்லிப்போட்டுத் திரும்பி வந்தம்."

"மாமா புதன்கிழமை எல்லாரையும் கூட்டிக்கொண்டுதானே போறார். மிதிவெடி எடுக்கிற ஆக்கள் பாதை துப்புரவாக்கிட்டுத்தான்—"

"நீ விளங்காமக் கதைக்கிறாய்." மாமியின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. "மெஷின் போட்டுக் காடு புரட்டின இடம் அது. சண்டைக்குப் பங்கர் வெட்டின இடம். அங்க கட்டை நிக்குதோ இல்லையோ ஆருக்குத் தெரியும்? அத்தனை ஆம்பிளையளுக்கு முன்னால போய் நிண்டு, ஒண்டுமில்லாமத் திரும்பி வர என்னால ஏலாது. அங்க ஒண்டும் இல்லாட்டி, அது எனக்கும் உனக்கும் மட்டும் தெரிஞ்சாப் போதும்."

முற்றத்தில் ஜுனைட்டின் குரல் கேட்டது. யாரிடமோ, சாஹுல் ஹமீட்டாகத்தான் இருக்கவேண்டும், கெஞ்சுவதுபோலப் போனில் பேசிக்கொண்டிருந்தான். மாமி கையை எடுக்கவில்லை.

அவரைத் தடுக்க வேண்டியவள் தான்தான் என்று நுஸ்ரியாவுக்குத் தெரிந்தது. தடுக்கிற உரிமை தனக்கு இல்லை என்பதும் தெரிந்தது.

"எத்தனை மணிக்கு வெளிக்கிடவேணும், மாமி?" என்று கேட்டாள்.